மஞ்சள் குறி

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பூஜையை முடிக்க வேண்டும் என்று கோகிலவாணி காலை ஏழு மணிக்கே ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றுவிட்டாள். பன்னிரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். ஒரு நிமிடம் பிந்தினாலும் மாணவர்களை வறுத்தெடுப்பாள், புருஷன் என்னை மட்டும் விடுவாளா?

எங்கள் எஸ்டீம் கார் லிஃப்டின் மேலே நின்றது. இருபத்தேழாம் தேதி டிராக் டே. சாதாரண ஆட்களும் சொந்தக் காரை ரேஸ் மைதானத்துக்குக் கொண்டுபோய் ஒரு நாள் வேகமாக ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டப்போவது கோகிலா. "பன்னெண்டு வருசமா அடுத்தவங்களுக்குப் பிரேக் புடிச்சிட்டே இருக்கறனுங், ஒரு நாளாச்சும் ஆக்சிலேட்டர மிதிச்சுப் பாக்கறேன்" என்றாள். அவளுக்காகத்தான் இந்தப் பழைய காரைப் பிரித்து மேய்ந்துகொண்டிருக்கிறேன்.

சக்கரத்தைக் காரின் அடிப்பாகத்தோடு பிணைக்கும் பின்பக்கக் கீழ் ஆர்ம் இரண்டுக்கும் புது ரப்பர் புஷ் போட்டேன். இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்கக்கூடாது. இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். கீழிருந்து ஜாக் கொடுத்து, சக்கரத்துக்குப் பாரம் ஏற்றி, அப்புறம்தான் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கடைசி இறுக்கு. இறுக்கிய போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு. கோடு இருந்தால் வேலை முடிந்தது, இல்லாவிட்டால் முடியவில்லை. பத்தொன்பது வருடமாக என் ஒர்க்‌ஷாப்பின் சட்டம் இது.

வலது பக்கம் முடித்துக் கோடும் போட்டாயிற்று. இடது பக்கத்தைச் சாதா ஸ்பானரால் பிடிக்கவைத்துவிட்டு டார்க் ரெஞ்சை எடுத்தேன். கோகிலா அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஏனுங், சாமிக்கு முன்னால வெக்காம இதையவே கட்டிப்புடிச்சிட்டு நின்னா எப்புடி?"

"ஒரே நிமிசம் புள்ள."

"அந்த ஒரு நிமிசத்துலதான் ராகு காலம் வந்துரும். போய்க் கையக் கழுவுங்."

ஸ்பானர், சுத்தியல், ஜாக் எல்லாவற்றுக்கும் விபூதி, சந்தனம், குங்குமம். காரையும் அவள் விடவில்லை. லிஃப்டுக்கு அடியில் போய், "புதுசாப் போட்டதுக்கெல்லாம் பொட்டு வெக்கோணுமுங்" என்று புஷ், போல்ட் எல்லாவற்றிலும் விரலால் கடைச் சந்தனத்தைத் தீற்றினாள். குங்குமம் பூசணிக்காய்க்கே பற்றாமல் போனதால் அடியில் சந்தனம் மட்டும்தான்.

என் தொழில் கூட்டாளி ஜமால் பாய் லிஃப்ட் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு, "மேல வேலை ஆச்சுங்ளாண்ணா?" என்றார். மணி பத்தேகால். "ஆச்சு பாய், எறக்குங்க" என்றேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் பூசணிக்காய் உடைத்தோம்.

பூஜையில் வைத்த கருவியை மறுபூஜை வரை தொடக்கூடாது. மீதி நாளைக்கு.

அக்டோபர் 12, சனி

மறுபூஜை. விஜயதசமியில் அலைன்மெண்ட் பார்த்தால் வருடம் முழுக்க வண்டி நேராக ஓடும் என்று எவன் கிளப்பிவிட்டானோ, விடிந்ததும் ஒன்பது வண்டிகள். பொரி தின்றதுதான் இன்றைய மதியச் சாப்பாடு.

அக்டோபர் 13, ஞாயிறு

எஸ்டீமில் ஏதோ பாக்கி இருக்கிறதே என்று காலையில் உறுத்தியது. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். இடதிலும் மஞ்சள், வலதிலும் மஞ்சள். நேற்றைய கூட்டத்தில் நானோ பாயோ முடித்திருக்கிறோம். வயதாகிறது, வேறென்ன.

முதல் ஓட்டம். சிங்காநல்லூர்ப் பக்கம் மூடிக் கிடக்கும் மில் ஒன்றின் சிமெண்ட் மைதானம். வாட்ச்மேன் கோகிலாவின் பழைய மாணவர். டிரைவிங் ஸ்கூல் கோன்களை வரிசையாக வைத்துப் பாதை போட்டோம். அவளும் பாயும் காரில் வந்தார்கள், நான் ஸ்கூட்டரில் போனேன். முதுகு வலி, கார் சீட் எனக்கு ஆவதில்லை.

பாய் இறங்கிக்கொள்ள, கோகிலா தனியாக எட்டுச் சுற்று ஓட்டினாள். இறங்கும்போது முகம் சரியில்லை.

"வலப்பக்கம் திருப்பறப்ப பின்னால என்னமோ ஒரு கணம் பிந்தி வருதுங். முன்பக்கம் திரும்பிருது. பின்னால இடது சக்கரம் மட்டும் யோசிச்சிட்டு வருது."

"சக்கரம் யோசிக்குமா?"

"யோசிக்குதுங். எனக்கு இடுப்புல தெரியுது."

நான் சிரித்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

எளியதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுதான் முறை. நாலு டயரிலும் காற்று சரிபார்த்தேன். சரி. பின் டயர்களை இடம் வலமாக மாற்றினேன். டயரில் கோளாறு என்றால் குறை வலது பக்கத்துக்குப் போகும். மாலையில் கோகிலா ஓட்டினாள். குறை இடதிலேயே நின்றது. ஆக, டயர் இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

ஷாக் அப்சார்பர். ஒவ்வொரு மூலையிலும் முழு பாரத்தோடு அமுக்கி விட்டேன். ஒரு முறை எழும்பி அப்படியே நின்றது, இரண்டாவது ஆட்டம் இல்லை. எண்ணெய்க் கசிவும் இல்லை. வீல் பேரிங் சத்தம் இல்லை. பின் பிரேக் பிடித்துக்கொள்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்தேன், சக்கரம் வெண்ணெயாகச் சுற்றுகிறது.

லிஃப்டில் தூக்கி, சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. ஆர்ம் போல்ட்டுகளில் மஞ்சள் இருக்கிறது. பிறகு எங்கேதான் இருக்கிறது இந்தச் சனியன்?

அக்டோபர் 16, புதன்

அலைன்மெண்ட். இடது பின் சக்கரத்தின் கோணம் முதலில் சரியாகக் காட்டியது. காரை முன்னும் பின்னும் தள்ளிவிட்டு மறுபடி அளந்தால் வேறு எண். மூன்றாம் முறை இன்னொரு எண்.

"மெசினுக்கு வயசாச்சுண்ணா" என்றார் பாய். அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மற்ற மூன்று சக்கரங்களும் மூன்று முறையும் ஒரே எண்ணைக் காட்டின என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 17, வியாழன்

அடிப்பாகத்தை வாட்டர் வாஷ் செய்து பார்த்தால் கீறலோ விரிசலோ இருந்தால் தெரியும் என்றேன். கோகிலா விடவில்லை, பூஜை போட்ட வண்டியைத் தீபாவளிக்கு முன் கழுவக்கூடாதாம். பொட்டு தானாக உதிர வேண்டுமாம். வானிலை அறிக்கையில் தினமும் மழை சொல்கிறார்கள், ஒரு சொட்டு இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

இன்று முடிவாகத் தெரிந்துகொள்ள ஏற்பாடு. ஜமால் பாய் கோகிலாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பத்துச் சுற்று போனார். நான் வெளியே நின்று பார்த்தேன். கார் சொன்னபடி கேட்டது.

"ஒண்ணுமே தெரியலீங் தங்கச்சி. கல்யாண வீட்டுக் கார் மாதிரிப் போகுது" என்றார் பாய்.

கோகிலாவும் ஒத்துக்கொண்டாள். "இப்ப இல்லீங். நான் தனியாப் போறப்பதான் வருது."

பாய் நூற்றைந்து கிலோ. இடது பக்கம் அவ்வளவு கனம் ஏறினால் கார் வேறு மாதிரி நிற்கும் என்பது இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. அந்த இடத்தில் தோன்றவில்லை. தனியாகப் போகும்போது மட்டும் வருவதற்கு என்ன பெயர் என்றுதான் தோன்றியது.

அக்டோபர் 19, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் மறுபடியும் அதே புகார். ஆறு நாளாக நான் பார்க்காத இடம் இல்லை. கை முழுக்கக் கிரீஸ், வாய் முழுக்கத் தூசி. "வண்டில ஒண்ணுமில்ல கோகிலா. உனக்குத்தான் பயம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்று பழமொழி வேறு.

அவள் கோன்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, டிக்கியில் வைத்து மூடினாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 20, ஞாயிறு

மைதானத்துக்குப் போகவில்லை. கேட்டதற்கு, துணி துவைக்க வேண்டும் என்றாள்.

அக்டோபர் 21, திங்கள்

டிரைவிங் ஸ்கூலில் ஒரு சம்பவம். ஒரு பேங்க் அம்மா நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாராம். ஒன்றுமே இல்லாத இடத்தில் கோகிலா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டாள். பின்னால் வந்த பஸ் நூலிழையில் தப்பித்தது. அந்த அம்மா ஓனரிடம் புகார் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருடத்தில் முதல் புகார்.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "இத்தன வருசமா என்ற காலு சொன்னா நான் யோசிக்கமாட்டனுங். இப்ப காலு சொல்லறது நெசமா, பயமான்னு தெரியல. எதுக்கு மிதிக்கோணும், எதுக்கு மிதிக்கக்கூடாதுன்னே தெரியல."

"ரெஸ்ட் எடு புள்ள, சரியாப் போகும்" என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

டிராக் டே வேண்டாம், பெயரை எடுத்துவிடலாம் என்று கோகிலா சொல்கிறாள்.

கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். இரண்டு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது போல இருந்தது. அவள் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டே நிம்மதிப்பட்டேன்.

அந்த ரேஸ் மைதானம் எனக்குப் புதிதில்லை. நாலு வருடத்துக்கு முன் நானும் அங்கே ஓட்டினேன். இரண்டாவது வளைவு, வலது பக்கம் திரும்புவது. கார் இரண்டு முறை உருண்டது. வானம், தரை, வானம், தரை, அப்புறம் பெட்ரோல் வாசனை. தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு வாரத்தில் கூடிவிட்டது. முதுகு மட்டும் இன்னும் சரியாகவில்லை. டாக்டர் படமெடுத்துப் பார்த்து, "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றார். வலி எனக்கல்லவா தெரியும். படம் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்?

அக்டோபர் 23, புதன்

காலையில் டீ கொடுத்துக்கொண்டே கோகிலா கேட்டாள்.

"ஏனுங், ஒரே ஒருக்கா நீங்க பக்கத்துல உக்காந்து வாங். உங்களுக்கும் தெரியலைன்னா நான் வாயத் தெறக்கமாட்டேன். பேர எடுத்துரலாம்."

"முதுகு புள்ள..."

"ஒரு சுத்துங். மெதுவாப் போறேன்."

"இன்னிக்கு ரெண்டு கியர்பாக்ஸ் எறக்கோணும்."

"செரிங்" என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்று ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் வேலை எதுவும் இல்லை.

அக்டோபர் 24, வியாழன்

எழுத்து கோணலாக வந்தாலும் இன்றைக்குள் எழுதியாக வேண்டும்.

மழை வந்தது. விடிகாலை ஐந்து மணிக்கே கொட்டித் தீர்த்து ஏழு மணிக்கு நின்றது. கோகிலா சொல்லாமல் கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு மில் மைதானத்துக்குப் போய்விட்டாள். பாய்தான் அங்கிருந்து போன் செய்தார். ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன்.

நான் போனபோது அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். மைதானமெல்லாம் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. கார் அதைக் கிழித்துக்கொண்டு போக, அடியிலிருந்து இரு பக்கமும் தண்ணீர் பீய்ச்சியடித்தது. வேகம் அதிகமில்லை. பழைய எடைமேடைக்கு முன்னால் வலது வளைவு. அவள் திருப்பினாள், முன்பக்கம் திரும்பியது. பின்பக்கம் வரவில்லை. ஒரு கணம் நின்று யோசித்தது. அப்புறம் மொத்தமாக விட்டது. இடது பின் சக்கரம் வெளியே பிதுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். கார் தட்டாமாலை சுற்றி, எடைமேடையின் இரும்புத் தூணைப் பார்த்துப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனது.

நின்றுவிட்டது. தூணுக்கும் அவள் கதவுக்கும் நடுவில் ஒரு சாண்.

பாய் அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் ஓடவில்லை. வானம், தரை, வானம், தரை என்று எனக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கோகிலா இடது கதவு வழியாக இறங்கி, பாயைத் தாண்டி, என்னிடம் நடந்து வந்தாள். அழவில்லை.

"எனக்குப் பயம்தானுங் போலிருக்கு" என்றாள். "ஆனா நான் ஒண்ணுமே பண்ணலீங்."

காரை மெதுவாக ஒர்க்‌ஷாப்புக்கு உருட்டி வரச்செய்து லிஃப்டில் ஏற்றினேன். அவளைப் பாய் ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினார். டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் போனேன். மண், சேறு, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வலது ஆர்ம் போல்ட்டின் தலையில் மஞ்சள் கோடு பளிச்சென்று இருந்தது. இடது போல்ட்டின் தலை வெறுமையாக, வெள்ளை இரும்பாக மின்னியது.

பெயிண்ட் மழையில் போகாது. சந்தனம் போகும்.

போல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருகினேன். திரும்பியது. விரலுக்கே இரண்டு சுற்றுத் திரும்பியது. நட்டுக்குள் நைலான் வளையம் பிடித்திருந்ததால்தான் கழன்று விழாமல் இருந்திருக்கிறது. பன்னிரண்டு நாளாக என் மனைவி இதன் மேல் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறாள். அலைன்மெண்ட் மெஷின் மூன்று முறை சொல்லியது. அவள் இடுப்பு முதல் நாளே சொல்லியது. நான் மஞ்சளைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.

ஜாக் கொடுத்தேன், பாரம் ஏற்றினேன், டார்க் ரெஞ்சால் இறுக்கினேன், கோடு போட்டேன். பிறகு இந்த நோட்டைப் புரட்டிப் பதினொன்றாம் தேதியைப் பார்த்தேன். மீதி நாளைக்கு. என் கையெழுத்துதான்.

மாலையில் கோகிலா கேட்டாள், "என்னங் தெரிஞ்சுது?"

"புஷ்சு மட்டம். கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். மாத்திட்டேன்" என்றேன்.

அக்டோபர் 25, வெள்ளி

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியும் வேண்டியிருக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே பயம்.

கோகிலா காலையில் காரை ஓட்டிப் பார்த்தாள். தனியாகத்தான் போனாள். அரை மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். பத்து நாளாக அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. "நல்லாருக்குதுங்! பின்னால சக்கரம் யோசிக்கவே இல்ல. பேர எடுக்க வேண்டாமுங், நான் போறேன்." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "புஷ்சு மட்டம்னா எனக்குத் தெரிஞ்சது நெசந்தானுங்களே?" என்று கேட்டாள். கேள்வியாகத்தான் கேட்டாள். இன்னும் அவளுக்கு நிச்சயமில்லை. நான் காது கேட்காதவன் போல ஜாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பாய் கார் அடியிலிருந்து தலையை நீட்டினார். "ண்ணா, வலதுல பெயிண்ட்டு பழசு. இடதுல புத்தம் புதுசு."

"ம்."

"எறக்கறப்ப நான் கேட்டேன். நீங்க ஆச்சுன்னீங்க."

"ம்."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

நான் ஜாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மத்தியானத் தொழுகைக்குப் போனவர் திரும்பி வந்து என்னோடு வழக்கமான டீயைக் குடிக்கவில்லை.

இவள் ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது வளைவுக்குப் போகப்போகிறாள். அங்கே இடுப்பு ஏதாவது சொன்னால் நம்ப வேண்டும். நம்பாமல் ஒரு கணம் யோசித்தால் போதும், எனக்குத் தெரியும் என்ன நடக்கும் என்று. போல்ட்டை இறுக்கிவிட்டேன். அந்த நம்பிக்கையை இறுக்கவில்லை.

அக்டோபர் 26, சனி

இன்று காலை சொன்னேன்.

வாசலில் கோகிலா ஹெட்லைட் கண்ணாடிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மைதானத்தில் கண்ணாடி உடைந்தால் சிதறாமலிருக்க இப்படி ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். நான் டேப் சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உருண்ட காருக்குள் தலைகீழாகத் தொங்கியபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

"புஷ்சு இல்ல கோகிலா. போல்ட்டு. நான்தான் இறுக்கல. பூஜ அன்னிக்கு விட்டது. நீ வெச்ச சந்தனத்தப் பெயிண்ட்டுன்னு நெனச்சுட்டேன்."

அவள் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். ஒட்டினாள். விரலால் நீவி விட்டாள்.

"சந்தனம் வெச்சது என்ற கை. அதுக்காகப் பாதித் தப்ப என்ற தலைல போட்டுராதீங்."

"போடல."

"மொத நாளே நான் இடது பின்னாலன்னு சொன்னனா?"

"சொன்னே."

"நீங்க என்ன சொன்னீங்?"

"பயம்னு சொன்னேன்."

அவள் எழுந்து நின்றாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"போல்ட்டு லூசாறது ஒர்க்சாப்புல நடக்கறதுதானுங். அது கெடக்குது. ஒரு வாரமா என்ற காலு சொல்லறத நானே நம்பாமத் திரிஞ்சேன் பாருங். ஒரு பொம்பளைய நடுரோட்டுல நிறுத்தி, பஸ்சுக்குக் குடுக்கப் பாத்தேன் பாருங். அத இறுக்கறதுக்கு என்ன ரெஞ்சு வெச்சிருக்கீங்?"

அவள் மற்ற ஹெட்லைட்டுக்குப் போனாள். நான் சுருளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். பகல் முழுக்க என்னோடு பேசவில்லை. மாலையில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் அந்த பேங்க் அம்மாவிடம் தானே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாளாம். பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அக்டோபர் 27, ஞாயிறு

மைதானத்தில் காலை ஏழு மணிக்கே நாற்பது கார்கள். பரிசோதனைக்காரர்கள் எங்கள் காரை அடியில் பார்த்து, மஞ்சள் கோடுகளைக் காட்டி, "யாரு வேலை? நீட்டா இருக்கு" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோகிலா, "என்ற வீட்டுக்காரருங்" என்றாள். நேற்றிலிருந்து என்னைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை அது.

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முதல் சுற்றுக்கு ஹெல்மெட்டோடு பக்கத்தில் ஒருவர் வரலாம். நான் பாயைப் பார்த்தேன். பாய் வேண்டுமென்றே வடை தின்னப் போய்விட்டார். கோகிலா இன்னொரு ஹெல்மெட்டை என் பக்கம் நீட்டினாள்.

"ஏறுங்."

"முதுகு..."

"உங்க முதுகுவலி கார்ல ஏறுனா மட்டுந்தான் வருதுங். ஸ்கூட்டர்ல குழில எறங்கி ஏறுனா வரதில்ல. அது என்ன வலின்னு எனக்கு நாலு வருசமாத் தெரியும்." ஹெல்மெட்டை என் கையில் வைத்தாள். "நான் ஒருநாளாச்சும் அதுக்குப் பேரு சொன்னனா?"

சொன்னதில்லை. நாலு வருடத்தில் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு, சாவுக்கு, பழனிக்கு, எல்லா இடத்துக்கும் என்னோடு பஸ்ஸில் வந்திருக்கிறாள். வீட்டில் காரை வைத்துக்கொண்டு.

"உங்க போல்ட்டு இருக்கற பக்கம் சீட்டு காலியாத்தான் இருக்குது. வந்து உக்காருங்."

உட்கார்ந்தேன். பெல்ட்டை அவளே இறுக்கிவிட்டாள். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. கொடி அசைந்தது. முதல் வளைவு இடது, எப்படியோ கடந்தது. பிறகு நேர் பாதை. தூரத்தில் டயர்ச் சுவர், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது. நான் உருண்ட அதே இரண்டாவது வளைவு. வேகம் ஏறிக்கொண்டே போனது. என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. இடது கை கதவைப் பிடித்தது, வலது கை எதையோ தேடி அவள் சீட்டின் ஓரத்தைப் பிடித்தது.

அவள் திருப்பினாள். முழுப் பாரமும் இடது பின் சக்கரத்துக்குப் போவது எனக்கு இடுப்பில் தெரிந்தது. அங்கே ஒரே ஒரு போல்ட், நான் இறுக்கியது.

"பயமா இருக்குது கோகிலா!" என்று கத்தினேன். நாலு வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"எனக்குந்தானுங்" என்றாள், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல்.